ஜெனரிக்ஸ்: பாணிகளும் உரைகல்லும்

ஸ்ட்ரிங் மட்டுமே இருக்கும் என்று சொல்லி ஒரு லிஸ்டை அறிவித்துவிட்டோம். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது யார் வேலை? கம்பைலர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டுமா, ஓடும்போது ரன்டைம் பார்த்துக்கொள்ளுமா? இந்தக் கேள்விக்கு மொழிகள் தந்த பதில்கள்தாம் ஜெனரிக்ஸில் தனித்தனிப் பாணிகளாகக் கிளைத்திருக்கின்றன. அவற்றை உரசிப் பார்க்க நான் வைத்திருக்கும் கல் ஒன்றே: தவறு நடந்த வரிக்கும், அதைத் தவறென்று மொழி சொல்லும் வரிக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

மூலவர்கள் 1970-களைச் சேர்ந்தவர்கள். எடின்பரோவில் ராபின் மில்னர் உருவாக்கிய எம்எல் மொழியில் டைப்பைப் பெரும்பாலும் எழுதவே தேவையில்லை; கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். ஆனால் கறாரான மரபு அது. அதன் வழிவந்த ஸ்டாண்டர்ட் எம்எல்லில் ஒரு முழு எண்ணைத் தசம எண்ணோடு நேரடியாகக் கூட்டக்கூட முடியாது. மாற்றித் தரும் ஃபங்ஷனை நாமே அழைத்தாக வேண்டும். அதே காலத்தில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினரின் சிஎல்யு, வரப்போகும் டைப்புக்கு என்னென்ன செயல்பாடுகள் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுத வைத்தது.

சப்டைப்பும் ஜெனரிக்ஸும் ஒரே மொழிக்குள் வந்தபோதுதான் வழக்கு முற்றியது. ஸ்ட்ரிங் எல்லாமே ஆப்ஜெக்ட்தான். அப்படியானால் ஸ்ட்ரிங் லிஸ்டும் ஆப்ஜெக்ட் லிஸ்ட்தானே? ஆம் என்றுதான் தோன்றும். ஜாவாவின் அர்ரே அந்தத் தோற்றத்தை நம்பியது. ஸ்ட்ரிங் அர்ரேயை ஆப்ஜெக்ட் அர்ரே மாறியில் வைத்து, அதன் வழியாக ஒரு இன்டிஜரை உள்ளே போட எழுதினால் கம்பைலர் வாய் திறக்காது. ஓடும்போது அர்ரேஸ்டோர்எக்செப்ஷன் வந்து விழும். ஜெனரிக்ஸ் இல்லாத அந்நாளில் எல்லா அர்ரேக்கும் பொதுவான மெத்தட் எழுத வேறு வழி இல்லை என்பதால் செய்துகொண்ட சமரசம் இது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: போடும் வரியிலேயே பிடிபடுகிறது. தாமதமான பிடிதான், ஆனால் இடம் சரி.

2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது அந்தத் தளர்வை லிஸ்டுக்குத் தரவில்லை. படிக்க மட்டும் வேண்டுமானால் எக்ஸ்டெண்ட்ஸ், போட மட்டும் வேண்டுமானால் சூப்பர் என்று வைல்டுகார்டில் நாமே சொல்ல வேண்டும். கம்பைல் நேரத்தில் இது மிக நுட்பமான பாணி. ஆனால் ஓடும் நேரத்தில்? பிராக்கா, ஓடர்ஸ்கி, ஸ்டவுட்டமைர், வாட்லர் ஆகிய நால்வர் 1998-இல் முன்வைத்த ஜிஜே வடிவமைப்பின் வழியில், டைப் விவரம் கம்பைலரோடு அழிந்துவிடுகிறது. ஏற்கெனவே கம்பைல் ஆகி உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த லைப்ரரிகள் புதிய குறிநிரலோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்பதே காரணம். அந்த அக்கறையை நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

விலை மட்டும் கடுமையானது. டைப் சொல்லாத பழைய மெத்தட் ஒன்று நம் ஸ்ட்ரிங் லிஸ்டை வாங்கி அதில் ஒரு இன்டிஜரைப் போடுகிறது. கம்பைலர் தரும் அன்செக்டு எச்சரிக்கையைத் தவிர அதற்குச் சாட்சி இல்லை. பிறகு, வேறொரு கிளாஸில், காஸ்ட் என்று எதுவுமே எழுதாத ஒரு வரியில் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன். கம்பைலர் சத்தமில்லாமல் செருகிய காஸ்ட் அங்கே உடைகிறது. போட்டவர் யாரென்று ஸ்டேக் ட்ரேஸ் சொல்லாது. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் செக்டுலிஸ்ட் என்ற மெத்தட் இருக்கிறது. லிஸ்டை அதில் சுற்றிவிட்டால் போடும் கணத்திலேயே சோதிக்கும். எழுதுகிறவர்களில் பலர் இதைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சி ஷார்ப் வேறு முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜ் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ கென்னடியும் டான் சைமும் 2001-இல் வெளியிட்ட வடிவமைப்பு 2005-இல் சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் 2.0 பதிப்பில் வந்தது. பழைய கலெக்‌ஷன்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியவற்றைத் தனியே வைத்தார்கள். ஓடும்போதும் டைப் உயிரோடு இருக்கிறது. ஆப்ஜெக்டாக வந்த ஒன்று ஸ்ட்ரிங் லிஸ்ட்தானா என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். ஜாவாவில் அந்தக் கேள்வியையே கம்பைலர் ஏற்காது. 2010-இல் சி ஷார்ப் 4 இன், அவுட் குறிகளைச் சேர்த்தது. அவுட் என்று குறித்த ஐஎன்யூமரபிள் இன்டர்ஃபேஸில் ஸ்ட்ரிங் வரிசையை ஆப்ஜெக்ட் வரிசையாகத் தரலாம். இன்ட் வரிசையைத் தர முடியாது, நினைவகத்தில் அதன் வடிவமே வேறு. என் உரைகல்லில் நன்றாக மின்னுவது இந்தப் பாணிதான்.

சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட் ஒவ்வொரு டைப்புக்கும் தனிக் குறிநிரலை வார்க்கிறது. பிழை கம்பைலிலேயே பிடிபட்டாலும் லைப்ரரியின் ஆழத்திலிருந்து பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது; சி பிளஸ் பிளஸ் 20-இன் கான்செப்ட்ஸ் அதை அழைக்கும் வரிக்கு அருகில் கொண்டுவந்தது. 2022-இல் 1.18 பதிப்பில் ஜெனரிக்ஸ் பெற்ற கோ, லிஸ்ட்களுக்கிடையே சப்டைப் உறவே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது. டார்ட் எல்லா லிஸ்டையும் தளர்வாக ஏற்றுக்கொண்டு, போடும்போது சோதிக்கிறது.

ஆய்வாளர்கள் நடா அமீனும் ராஸ் டேட்டும் 2016-இல் ஜாவா, ஸ்காலா இரண்டின் டைப் முறையிலும் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஜாவாவில் நல்-ஐயும் வைல்டுகார்டையும் சேர்த்துச் சில வரிகள், காஸ்ட் ஒன்றுகூட இல்லை, அன்றைய கம்பைலர் அனுமதித்தது, இன்டிஜர் ஸ்ட்ரிங் ஆகிவிட்டது. ஓட விட்டபோது அதைத் தடுத்து நிறுத்தியது, டைப்பை அழித்ததற்கு ஈடாகக் கம்பைலர் செருகிவைத்த அதே காஸ்ட்தான்.