மூன்று கோடுகளுக்குப் பின்னே

கைப்பேசிச் செயலி ஒன்றைத் திறந்தால், திரையின் மேல் மூலையில், பெரும்பாலும் இடப்புறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிறு கோடுகள் இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். அதைத் தொட்டால் பக்கவாட்டிலிருந்து ஒரு பட்டியல் வெளிவரும். அச்செயலியில் செய்யத்தக்க வேலைகளில் பல அப்பட்டியலில்தான் அடங்கியிருக்கும். கோடுகளைத் தொட்டறியாதவர்க்கு அவ்வேலைகள் இல்லாதவைபோலத்தான். இந்த ஏற்பாடு தகுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். காசு விஷயத்தில் மிகக் கவனமானவர். ஒரு முறை செயலி ஒன்றின் வழியே கட்டணம் செலுத்தினார். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு வளையம் சற்று நேரம் சுழன்றது. பிறகு முதற்பக்கமே வந்து நின்றது. அங்கே கடன் தருவதாக ஒரு பெரிய விளம்பரம் இருந்ததே தவிர, பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. போகவில்லை என்றெண்ணி மறுபடியும் செலுத்தினார். இரண்டு முறையும் பணம் போய்விட்டது. ரசீது எங்கே என்று பார்த்தால், அந்த மூன்று கோடுகளுக்குள், நான்காவது வரியில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் காட்டியபோது அவர் கேட்டார்: “அந்த மூணு கோடா தம்பி? அழகுக்குப் போட்டிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்!”

அவர் நினைத்ததில் தவறு காண இயலாது. கோடுகளில் கதவுக்குரிய அடையாளம் எதுவும் இல்லை. வீட்டைக் குறிக்க வீட்டின் படமும், தேடுவதைக் குறிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியின் படமும் போடும்போது, பொருளை ஓரளவு ஊகிக்க முடிகிறது. மூன்று கோடுகளை ஊகிக்க இயலாது. ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இச்சின்னம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் ‘ஸ்டார்’ என்ற கணினியை வெளியிட்டது. படச் சின்னங்களையும், சாளரங்களையும், ‘மவுஸ்’ கருவியையும் கொண்டு அலுவலகங்களுக்காக விற்பனைக்கு வந்த முன்னோடிக் கணினி அது. அதற்குச் சின்னங்கள் வரைந்தவர்களுள் ஒருவரான நார்ம் காக்ஸ் என்பவரே இக்கோடுகளைப் படைத்தார். பட்டியலின் வரிகளை நினைவூட்டுவதே அவர் நோக்கம். மிகச் சில புள்ளிகளுக்குள் வரைந்தாக வேண்டியிருந்ததால் அதற்குமேல் நுணுக்கம் சேர்க்க இடமில்லை. சாளரம் சூடாகாமல் இருக்க வைத்த காற்றுத் துளை என்று புதிதாகப் பார்ப்போரிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விளக்கம் தேவைப்படும் சின்னம் என்பது அன்றே தெரிந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஸ்டார் கணினியில் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகள் அக்கோடுகளுக்குள் இல்லை. நகர்த்து, படியெடு, திற, அழி என்பவற்றுக்கெல்லாம் விசைப்பலகையிலேயே பெயர் பொறித்த தனித்தனி விசைகள் இருந்தன. எஞ்சிய சில்லறைக் கட்டளைகளுக்கே பட்டியல் பயன்பட்டது. நம் காலத்துச் செயலிகள் கோடுகளை எடுத்துக்கொண்டன. பெயர் பொறித்த விசைகளை விட்டுவிட்டன. சில்லறை போட வைத்த பெட்டியில் வீட்டுச் சாவியையும் போட்டு மூடியதுபோல ஆயிற்று.

‘திரை சிறியது; எல்லாவற்றையும் அதில் வைக்க இயலுமா?’ என்று வடிவமைப்போர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. முப்பது வேலைகள் கொண்ட செயலி முப்பதையும் முதற்பக்கத்தில் பரப்பினால் அது சந்தைக் கடையாகிவிடும். மொழியை மாற்றுவது, விதிமுறைகளைப் படிப்பது போன்ற அரிய தேவைகளை உள்ளே வைப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த ஆசிரியையின் செயலியில் திரையின் ஏறத்தாழப் பாதியை விளம்பரம் பிடித்திருந்தது. இடமில்லை என்பது அங்கே உண்மைக் காரணமன்று. இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவருக்குப் பயனாளியின் ரசீது முக்கியமாகப் படவில்லை, அவ்வளவே.

இனி, கோடுகள் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1954-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறி ஒரு கோலால் விரைவாகத் தொடச் செய்து, தகட்டின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றிமாற்றி நேரத்தை அளந்தார். இலக்கு எட்ட இருந்தால் நேரம் கூடும். சிறிதாக இருந்தாலும் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு அவர் ஒரு கணக்கும் கண்டார். தூரத்தை இரட்டித்து இலக்கின் அகலத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணுக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை காண வேண்டும். அதுவே அச்செயலின் ‘கடின எண்’. அந்த எண் ஒவ்வொன்று ஏறும்போதும் நேரமும் ஏறத்தாழச் சம அளவில் ஏறும்.

இதை நம் கைப்பேசியில் போட்டுப் பார்க்கலாம். வலக்கையில் பிடித்திருக்கும்போது பெருவிரல் கீழ்ப்புறத்தில் இருக்கிறது. அங்கிருந்து இடப்புற மேல் மூலை 12 செ.மீ. தொலைவு என்றும், பொத்தானின் அகலம் 0.8 செ.மீ. என்றும் கொள்வோம். 24-ஐ 0.8-ஆல் வகுத்தால் 30. அதன் மடக்கை ஏறத்தாழ 4.9. அதே பொத்தானைக் கீழே 3 செ.மீ. தொலைவில் வைத்தால் 6-ஐ 0.8-ஆல் வகுக்க 7.5, மடக்கை 2.9. ஆக, இடத்தை மாற்றுவதால் மட்டுமே கடின எண்ணில் இரண்டு குறைகிறது. உண்மையில் இக்கணக்கு மேல் மூலைக்குச் சலுகை காட்டுகிறது. ஏனெனில் பலருக்குப் பெருவிரல் அவ்வளவு தூரம் எட்டவே எட்டாது. பிடியை மாற்ற வேண்டும், அல்லது மற்றொரு கையைக் கூப்பிட வேண்டும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு அந்த மற்றொரு கை ஏது?

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை மூலைக்கு மூலை 3.5 அங்குலமே. அதில் மேல் மூலை அவ்வளவு தொலைவில்லை. திரைகள் இன்று 6 அங்குலத்தைத் தாண்டிவிட்டன. கோடுகள் மட்டும் இடம் பெயரவில்லை. ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் கைப்பேசி பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்து 2013-இல் வெளியிட்ட குறிப்பின்படி, அவர்களில் திரையைத் தொட்டு இயக்கியோரில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால்தான் அதை இயக்கினர்.

மறைந்த பட்டியல் குறித்து நீல்சன் நார்மன் குழு என்ற ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியே அமைந்தது. அத்தகைய பட்டியலை மக்கள் குறைவாகவே பயன்படுத்தினர். பயன்படுத்தியவர்களும் வேலையின் பிற்பகுதியிலேயே அதனிடம் சென்றனர். அதே ஆண்டில் இசைச் செயலியான ‘ஸ்பாட்டிஃபை’ ஐபோனில் கோடுகளைக் கைவிட்டு, முக்கிய வழிகளைப் பெயர்களுடன் திரையின் அடியில் வரிசையாக வைத்தது. ‘ஃபேஸ்புக்’ இம்மாற்றத்தை 2013-லேயே செய்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் சிறிய செயலிகளை எட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன போலும்.

கோடுகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. அடுத்து வந்த நாகரிகம் அதையும் துறந்துவிட்டது. 2017-இல் ‘ஐபோன் எக்ஸ்’ முகப்புப் பொத்தானை நீக்கியது. திரையை அடியிலிருந்து மேலே தள்ளினால் முகப்பு வரும். 2019-இல் ஆண்ட்ராய்டின் பத்தாம் பதிப்பில், விளிம்பிலிருந்து உள்நோக்கி விரலை இழுத்தால் முந்தைய பக்கம் வருமாறு ஒரு முறை சேர்ந்தது. பல செயலிகளில் மறைந்த பட்டியலைத் திறக்கவும் இடப்புற விளிம்பிலிருந்து அதே இழுப்புத்தான்! பட்டியல் வேண்டி இழுத்தவர் முந்தைய பக்கத்துக்குப் போனார். ஒரே சைகைக்கு இரண்டு பொருள் வைத்துவிட்டு, பயனாளிக்குப் பழக்கம் போதவில்லை என்பது என்ன நியாயம்?

பட்டியலை மறைப்போர் சில சமயம் உளவியலையும் துணைக்கழைப்பர். மனித மனம் ஒரே நேரத்தில் ஏழு செய்திகளுக்கு மேல் ஏற்காது, ஆகவே திரையில் குறைவாகவே காட்ட வேண்டும் என்பர். ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைத்தான் இப்படி இழுக்கின்றனர். அவர் கண்டது உடனடி நினைவின் அளவை. கண்ணெதிரே எழுதியிருப்பதை எவரும் நினைவில் வைக்க வேண்டியதில்லையே! நினைவுக்குச் சுமை தருவது மறைத்து வைத்த பட்டியல்தான்.

தமிழில் செயலிகளைப் பயன்படுத்துவோர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலச் சொல்லை அளந்து பொத்தானை வெட்டிவிட்டுப் பிறகு அதில் தமிழை அடைக்கின்றனர். ‘சேமி’, ‘தேடு’, ‘பகிர்’ போன்றவை தாராளமாக அடங்கும். தமிழ்ச் சொற்கள் யாவும் நீளமானவை என்பது சரியன்று. ‘அறிவிப்புகள்’ வரும்போதுதான் இடம் போதாமல் வால் அறுந்து மூன்று புள்ளிகள் நிற்கின்றன. ‘கணக்கு…’ என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து நின்றால், ஒன்று கணக்கு விவரம், ஒன்று கணக்கு மாற்றம், மற்றொன்று கணக்கு நீக்கம் என்று எப்படித் தெரியும்? வரியின் உயரமும் ஆங்கில எழுத்துக்கே அளந்தது. அதனால் ‘கீ’யின் மேற்சுழியும் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் சில வேளை சீவப்பட்டுவிடுகின்றன. எழுத்தைச் சுருக்காமல் பெட்டியை நீட்டுவதே இதற்கு வழி. மென்பொருளுக்கு அது அரிய வேலையன்று.

செயலி எழுதப் பழகும் மாணவர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். முன்பின் அறியாத ஒருவரிடம் செயலியின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து கொடுங்கள். திரையைத் தொடாமல் மூன்று கேள்விகளுக்கு அவர் விடை சொல்லட்டும்: இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்? இங்கிருந்து எங்கெங்கே போகலாம்? வந்த வழியே திரும்புவது எப்படி? அவர் தயங்கும் இடத்தில் நீங்கள் வாய் திறந்து உதவக்கூடாது. செயலி விற்பனையான பிறகு நீங்கள் அருகில் இருக்கப் போவதில்லை.

ஆசிரியை கூடுதலாகச் செலுத்திய தொகை அடுத்த கட்டணத்தில் கழிக்கப்பட்டது. அண்மையில் அச்செயலியின் புதிய பதிப்பு வந்தது. ரசீதுகளுக்கான பொத்தான் பெயருடன் திரையின் அடிக்கு இறங்கி வந்திருக்கிறது. பணம் செலுத்தியதும் ‘செலுத்தப்பட்டது’ என்று தொகையும் நேரமும் காட்டுகிறது. கடன் விளம்பரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆசிரியை இப்போதும் ஒவ்வொரு முறையும் மூன்று கோடுகளைத் திறந்து பட்டியலிலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்.