அபாயச் சங்கை ஊதுவது யார்? நிறுத்துவது யார்?

கால் பிசகி விழுந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? தோல் கிழிவதில்லை, கிருமி எதுவும் நுழைவதில்லை. ஆயினும் கணுக்கால் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. கிருமியே இல்லாதபோது இந்த அழற்சி ஏன்?

அயற்பொருளைத் தாக்குவதே உடலின் தடுப்பாற்றல் என்ற பாடநூல் விளக்கம் இங்கே உதவாது. கிருமிகளுக்கே உரிய மூலக்கூறுகளை நம் செல்கள் இனங்காண்கின்றன என்று 1989-இல் சார்லஸ் ஜேன்வே கூறினார். அதுவும் சுளுக்குக்கு விடையாகவில்லை. 1994-இல் பாலி மாட்சிங்கர் ஒரு புதிய கொள்கையை முன்வைத்தார். அயலா, சொந்தமா என்பதன்று, கேடு நேர்ந்ததா என்பதே முக்கியம்; அடிபட்ட செல்களே அபாயச் சங்கை ஊதுகின்றன என்றார் அவர்.

இக்கொள்கைக்குப் பின்னர் நல்ல சான்றுகள் கிடைத்தன. யூரிக் அமிலம் நம் உடலிலேயே உண்டாவது. அது மூட்டில் படிகமாகப் படிந்தால் கீல்வாதம் வருகிறது. பலத்த காயத்தில் சிதைந்த செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்கள் இரத்தத்தில் கலந்து, கிருமியின்றியே அழற்சியைத் தூண்டுவதை 2010-இல் கண்டனர். மைட்டோகாண்ட்ரியாக்கள் பண்டைய பாக்டீரியாவின் வழிவந்தவை என்பதை நினைவிற்கொண்டால் இதில் வியப்பில்லை.

எனினும் இக்கொள்கை முழுமையானதன்று. பாக்டீரியாவின் மேலுறை நச்சை நேரடியாக உணரும் ஏற்பியை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் அடையாளம் காட்டினார். செல் சிதையும்வரை உடல் காத்திருப்பதில்லை என்பதற்கு இது சான்று. ஜேன்வேயும் தவறவில்லை.

மற்றொரு குறை இதனினும் பெரிது. மாட்சிங்கரின் கட்டுரை, சங்கு எப்போது ஒலிக்கத் தொடங்கும் என்பதையே முதன்மையாகப் பேசுகிறது. அதை நிறுத்துவது யார்? அதுவும் நம் சொந்த மூலக்கூறுகளே. இன்டர்லூக்கின்-10 என்ற புரதம் இல்லாத எலிகளின் குடலில் கடும் அழற்சி உண்டாவதை 1993-இல் கண்டனர். கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் இத்தகைய கடிவாளமே. அதைப் போன்று செயல்படும் டெக்சாமெத்தசோன் மருந்து, 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசத்திலிருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயனில்லை. கடிவாளத்தை இழுப்பதற்கும் காலம் உண்டு!

எனவே, வாசகர்களே, "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்ற விளம்பரத்தை அடுத்த முறை காணும்போது ஒன்று கேளுங்கள்: பெருக்குவது எதை? சங்கொலியையா, அதை அடக்கும் ஆற்றலையா? அளவறிந்து அடங்கத் தெரிந்த தடுப்பாற்றலே நம்மைக் காக்கிறது.