நற்றிணை 234: இல்லாத பாட்டும் ஒரு ஹாம்பர்க் பேராசிரியரும்

நற்றிணையில் 234ஆம் பாட்டு கிடையாது. 385ஆம் பாட்டு பாதியில் அறுந்து நிற்கிறது. இலக்கியம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான். பரீட்சைக்கு எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்போம். ஆனால் மற்ற பாட்டுகளெல்லாம் பாடியவர் வாயிலிருந்து வந்தபடியே அச்சுக்கு வந்துவிட்டதா என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. ஏவா வில்டன் தன் உழைப்பில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

அவர் தொடங்கிய இடம் தமிழ் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் படித்தார். முனைவர் பட்ட ஆய்வு வேத இலக்கியத்தில். ஜெர்மன் மரபில் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் மட்டும் போதாது, அதற்கு மேல் இன்னொரு பெரிய ஆய்வு செய்ய வேண்டும். அந்த இரண்டாவது ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது குறுந்தொகை. 2006இல் அது நூலாக வந்தது. பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வு நிறுவனத்தின் சங்க இலக்கியத் திட்டம். 2008இல் நற்றிணை, 2010இல் குறுந்தொகை, 2018இல் அகநானூற்றின் களிற்றியானைநிரை என்று செம்பதிப்புகள் வந்தன. நடுவில் 2014இல் சுவடி, அச்சு, நினைவு மூன்றையும் பற்றி ஒரு தனி நூல். பின்னர் ஹாம்பர்க்கிலேயே பேராசிரியர் ஆனார். பன்னிரண்டு வருஷத்தில் எட்டுத்தொகையில் இரண்டு முழுத் தொகை, மூன்றாவதில் ஒரு பகுதி. வேகம் அவ்வளவுதான். அந்த மெதுவில் ஒரு காரணம் இருக்கிறது.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் எல்லாம் ஒரே வடிவம். சொல் பிரிப்பு இல்லை. கால் எது, ரகரம் எது என்று தெரியாது. ‘கொடு’வும் ‘கோடு’வும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே யாப்பு நம்மைக் காப்பாற்றும். ஒன்று நிரையசை, மற்றது நேரில் தொடங்குவது, ஆகவே தளை பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் ‘எற்று’ என்பதா ‘ஏற்று’ என்பதா? இரண்டுக்கும் அசை ஒன்றுதான். அடிப்பதா, ஒப்புக்கொள்வதா என்பதைப் பதிப்பாசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்ததை நாம் கவிஞர் சொன்னதாகப் படிக்கிறோம். வில்டனின் பதிப்பு இந்த முடிவுகளைப் பக்கத்தின் அடியில் திறந்து வைக்கிறது. எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது, எந்தப் பழைய உரையில் எப்படி மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, அச்சில் யார் எதைத் தேர்ந்தார் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

‘வெள்ளைக்காரி வந்துதான் சொல்லணுமா?’ என்று உடனே ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குக் கோபம் இருக்கிற அளவு வரலாறு தெரியாது. பாடவேறுபாடு காட்டுவதை உ.வே.சா.வே செய்திருக்கிறார். அவருடைய குறுந்தொகை 1937இல் வந்தது. அதற்கு முன்பே 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்திருந்தார். அதே 1915இல்தான் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணை உரை வெளிவந்தது. அவர் எங்கள் டெல்டாக்காரர், பள்ளித் தமிழாசிரியர். புத்தகம் வருவதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். வில்டன் இவர்களை மறுக்கவில்லை, இவர்கள் தோளில் ஏறித்தான் பார்க்கிறார். நாம் இவர்களுக்குச் சிலை வைத்தோம், மாலை போட்டோம். இவர்கள் பக்கத்தைத் திறந்து ‘ஐயா, இந்தச் சொல்லை எப்படித் தேர்ந்தீர்கள்?’ என்று மட்டும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி என் குறைகள். முதலாவது, மொழிபெயர்ப்பு. ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில் குறுந்தொகையைப் படித்தவர்களுக்கு வில்டனின் ஆங்கிலம் கல்லில் நடக்கிற மாதிரி இருக்கும். தமிழின் சொல் வரிசையையும் அடையையும் விடாமல் கொண்டுபோகப் பார்க்கிறார், அதனால் பாட்டு மூச்சு வாங்குகிறது. இது தெரியாமல் நடந்ததில்லை, தெரிந்தே எடுத்த முடிவு. அவர் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஒரு ஏணி. ஏறிய பிறகு விட்டுவிடலாம். ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் அந்த ஏணியை மட்டும் பார்த்துவிட்டு, இதுதான் சங்கக் கவிதை என்று நினைத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு.

இரண்டாவது குறை பெரியது. ஆனால் அது அவர் மேல் மட்டும் சொல்கிற குறை இல்லை. இந்தப் பதிப்புகளின் முன்னுரை, குறிப்பு, வாதம் எல்லாமே ஆங்கிலம். ஒரத்தநாட்டில் தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்ணுக்கு நற்றிணை அவள் சொத்து. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலைத் தாண்டித்தான் அவள் வகுப்புக்குப் போகிறாள். மருதத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அந்த நற்றிணை எப்படி அவள் கைக்கு வந்தது என்ற ஆராய்ச்சி அவளுக்கு எட்டாத மொழியில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுவடி வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் எம்.ஏ. படித்த இடத்தில் இரண்டு வருஷத்தில் ஒரு ஓலையைக்கூட எங்கள் கையில் கொடுத்ததில்லை. நோட்ஸ் கொடுத்தார்கள்.

ஜெர்மனி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் மூடப்படும் நிலை வந்தபோது, வெளிநாட்டுத் தமிழர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசும் நிதி தந்தது. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் துறையே ஆட்டம் காணும், அங்கேயும் அதுதான் கதை. ஆனாலும் ஒரு மனிதருக்கு ஒரு தொகைநூலோடு பத்து வருஷம் உட்கார அங்கே இடம் கிடைத்தது. இங்கே ஒரு இளம் ஆய்வாளர் வருஷத்துக்கு எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு என்று எண்ணிக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கில் பின்னத்தூராரே தேறமாட்டார்.

நம்மில் நாலு பேர் சேர்ந்து வில்டனின் நற்றிணை முன்னுரையைத் தமிழில் கொண்டுவரலாம், உரிய அனுமதி வாங்கி. அதைவிடச் சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு நற்றிணைப் பாட்டை எடுத்து, பின்னத்தூரார் பதிப்பையும் இன்றைய மலிவுப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்காவது ஒரு எழுத்து மாறியிருக்கும். ஏன் மாறியது என்று தேடத் தொடங்கினால், அவர் செய்கிற வேலை உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டது.