ஆர்.டி. 350: இன்ஜினுக்குப் பயம் வேண்டாம், பிரேக்கைப் பாருங்கள்

ஆர்.டி. என்று எல்லோரும் சொல்லும் ராஜ்தூத் 350 பைக்கை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டேங்கின் பளபளப்பை. அடுத்து ஒரு உதை, ஒரு முறுக்கு, அந்த இரட்டைச் சத்தம். அத்தோடு அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. பெயின்ட், குரோம், சீட் எல்லாம் காசு கொடுத்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஆர்.சி. புக், சேஸிஸ் நம்பர், ஒரிஜினல் இன்ஜின் கேஸ், கிராங்க் ஆகியவை அப்படி வராது. இந்த நான்கும் சரியாக இருந்தால், மட்கார்டு துருப்பிடித்து நிற்கும் வண்டியைக்கூடத் தைரியமாக வாங்கலாம்.

ஆர்.டி.யைப் பற்றி இரண்டு பயமுறுத்தல்கள் உண்டு. இன்ஜின் தாங்காது, ஆளைக் கொன்றுவிடும். முதலாவது பாதி பொய். இரண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் குற்றவாளி வேகம் அல்ல, முன் பிரேக்.

யமஹா ஆர்.டி. 350பி-யை அடிப்படையாக வைத்து ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்த வண்டியை இறக்கியது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரைசக்தி தந்த இன்ஜின், மைலேஜுக்காக இங்கே 30.5-க்கு இறக்கப்பட்டது. அதுதான் எச்.டி., அதாவது ஹை டார்க். பின்னர் வந்த எல்.டி.யில், அதாவது லோ டார்க்கில், அது 27 ஆனது. அப்போது நம் திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350-ன் சக்தி 18-தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து இளைஞர்கள் இந்த வண்டியை வெறித்துப் பார்த்தது ஏன் என்று புரியும். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் பார்த்தவர்கள் இன்றும் ஆர்.டி. என்றால் குரலை உயர்த்துகிறார்கள். ஆனால் நாடு மைலேஜ் கேட்டது. லிட்டருக்கு 25 கிலோமீட்டரே பெரிய விஷயமாக இருந்த வண்டி, நூறு சிசி ஜப்பான் வண்டிகளுக்கு முன்னால் தோற்றது. அந்தப் பத்தாண்டு முடியும்போது தயாரிப்பும் முடிந்தது.

இனி இன்ஜின் பயத்துக்கு வருவோம். வெளிநாடுகளில் மாஸ்டா ஆர்.எக்ஸ்-7, ஆர்.எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே பயம் உண்டு. பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின் கார்கள் அவை. நம் ஊர் ஷோரூம்களுக்கு வந்ததே இல்லை. அந்த இன்ஜினும் ஆர்.டி. போலவே ஆயிலை வேண்டுமென்றே பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும். உள்ளே இருக்கும் சீல்கள் போனால் கம்ப்ரெஷன் போகும், சொந்தக்காரர் ஆயில் அளவைப் பார்க்காமல் விட்டால் இன்ஜினும் போகும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் கம்ப்ரெஷன் டெஸ்ட் இல்லாமல் பழைய ரோட்டரி காரைத் தொடுவதில்லை. ஆர்.டி.க்கும் அதே கண்டிப்பு வேண்டும். கேஜ் வைத்துப் பார்த்தால் இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும்.

கேஜ் இல்லாவிட்டாலும் வண்டியே சொல்லும். சூடான பிறகும் வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தால், கிராங்கின் வலது சீல் போய், கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். இது சத்தமாகச் சொல்லும் நோய், பிழைத்துக்கொள்ளலாம். ஆபத்து இடது பக்கம், பாயின்ட் இருக்கும் பக்கம். அந்த சீல் காய்ந்தால் புகை வராது, காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி ஒருநாள் சீஸ் ஆகும். அடையாளம் ஒன்றுதான்: முறுக்கி விட்ட பிறகு ஐடிலிங் உடனே இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்கும். கார்ப்பரேட்டரில் குறையில்லாமல் இப்படி நடந்தால், பேரம் பேசும்போது கிராங்க் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஆயில் பம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் ஒன்று, கீழே போய் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்ப்பரேட்டருக்கு, ஒன்று பம்புக்கு. எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு ஆயில். கேபிள் மாற்றும்போது பம்பின் குறியைச் சரிபார்க்காமல் விட்டு, இன்ஜின் சீஸ் ஆனதும் பம்பையே கழற்றி வீசிவிட்டு, டேங்கில் 2டி ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். என் கட்சி பம்ப் கட்சி. யமஹா இதை யோசித்து வைத்திருக்கிறது, ஒழுங்காகச் செட் செய்தால் போதும்.

ஓட்டிப் பார்த்தால்? லஸ் கார்னரிலோ பனகல் பார்க் பக்கமோ, மெட்ரோ வேலையால் சுருங்கிய சாலையில் மாலை நேரத்தில் இது சுகமான வண்டி இல்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தால் பிளக்கில் கரி பிடித்து ஒரு சிலிண்டர் கட்டாகும். டூல் பாக்ஸில் இரண்டு பி8எச்எஸ் பிளக் எப்போதும் இருக்கட்டும். அதே வண்டியை விடியற்காலையில் கிரீன்வேஸ் ரோட்டில் எடுத்து, திரு.வி.க. பாலம் ஏறிப் பாருங்கள். ஐயாயிரம் ஆர்.பி.எம். வரை சாதுவாக வரும் வண்டி, அதைத் தாண்டியதும் சட்டென்று முன்னால் இழுக்கிறது. சத்தம் கரகரப்பிலிருந்து ஒரே நீளமான கீச்சலாக மாறுகிறது. இன்றைய வண்டிகளில் இதைவிட அதிக சக்தி உண்டு. ஆனால் சக்தி வந்து சேரும் அந்த நொடியை உடம்பில் இவ்வளவு தெளிவாக உணரவைக்கும் வண்டியை நான் ஓட்டியதில்லை.

பிறகு சிக்னல் வருகிறது.

ஜப்பான் வண்டியில் முன்னால் டிஸ்க் இருந்தது. இங்கே அதை எடுத்துவிட்டு டிரம் கொடுத்தார்கள். இந்த டிரம்மில் இரண்டு லீவர், நடுவில் ஒரு ராட். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொட்டால்தான் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஷூ வேலை செய்கிறது, இன்னொன்று வேடிக்கை பார்க்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, ராடின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு உரசலும் சேர்ந்து கேட்கும்வரை பொறுமையாகச் செட் செய்ய வேண்டும். புது ஷூ போட்டால் டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லேத்தில் கொடுத்து எடுப்பது இன்னும் நல்லது. இதைச் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் நிற்கும் தூரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டிஸ்க் மாற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரிஜினாலிட்டி பேசுகிறவர்கள் பேசட்டும், தினம் ஓட்டுகிறவருக்கு உயிர் முக்கியம்.

பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. கேஸ்கெட், கேபிள், ரப்பர் கிடைக்கும். பிஸ்டன், ரிங் வாங்கும்போது மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். போர் பண்ணும் முன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும், அதை அளந்துதான் போர் பண்ண வேண்டும்.

இப்போதைய பெட்ரோலும் ஒரு பிரச்சினை. 20 சதவீத எத்தனால் கலவை, பழைய ரப்பர்களை ஊத வைக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அதே ஜெட்டில் கலவையும் மெலியும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, பிளக்கின் நிறம் காப்பிப் பொடி நிறத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பேப்பர் வேலை தனிக்கதை. பழைய மூன்றெழுத்து நம்பர் வண்டி என்றால், அது ஆன்லைனில் ஏறியிருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. இல்லாமல் பேசவே வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரெனியூவல் உண்டு. 20 வயது தாண்டிய பைக்குக்கு 2025-ல் கட்டணம் 2,000 ரூபாயாக ஏறியது. வின்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆக வேண்டும், அதனால் முதல் வருட ஆர்.டி.க்கே 2033 வரை அந்தக் கதவு திறக்காது.

எச்.டி.யா எல்.டி.யா என்பது கடைசிக் கேள்வி. எச்.டி.க்கு மதிப்பு அதிகம், சேர்த்து வைப்பவர்களுக்கு அதுதான் சரி. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே ஓட்டப் போகிறவருக்கு அந்த மூன்றரை குதிரைசக்தி பெரிய வித்தியாசம் தராது. பேப்பர் சுத்தமான எல்.டி. ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் கிராங்கையும் முன் பிரேக்கையும் முதல் மாதமே முடித்துவிடுங்கள்.