தாமதமாக வந்த சிறுமியும் அதைவிடத் தாமதமாக வந்த கோச்சும்

கடந்த ஆண்டு பார்த்த அனிமே தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மெடலிஸ்ட்’. 2025 ஜனவரியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடிந்தது. மொத்தம் 13 அத்தியாயங்கள். அரக்கர்கள் இல்லை, மந்திர வாள் இல்லை. நகோயா நகரத்து ஐஸ் ரிங்க் ஒன்று, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஐஸ் ஷோக்களில் வாய்ப்புக் கேட்டு அலைந்து தோற்ற 26 வயது இளைஞன் ஒருவன். இந்தப் பத்தியில் வழக்கமாக மைதானத்தில் நடந்ததை அலசுவோம். இந்த வாரம் வரைந்து காட்டப்பட்ட ஒரு விளையாட்டை அதே கண்டிப்போடு அலசப் போகிறேன். அந்தக் கண்டிப்பைத் தாங்குகிற தொடர் இது.

இனோரி யுயித்சுகாவுக்குப் பள்ளியில் எதுவும் சரியாக வருவதில்லை. பாடம் ஏறாது, பொருட்களை மறந்துவிட்டு வருவாள், கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இருந்த அக்கா காயம்பட்டு விலகியதால் அம்மாவுக்கு ரிங்க் என்றாலே கலக்கம். ஆகவே இனோரி ஒளிந்து ஒளிந்து பழகுகிறாள். வாசலில் இருக்கும் பெரியவரின் பறவைக்கு மண்புழு பிடித்துக் கொடுப்பாள். அதுதான் அவளுடைய நுழைவுக் கட்டணம். ஒலிம்பிக் கனவு உள்ள பிள்ளைகள் ஐந்து வயதிலேயே கோச்சிடம் சேர்ந்துவிடும் விளையாட்டு இது. இவள் ஐந்தாம் வகுப்புவரை யாரிடமும் முறையாகப் படித்ததில்லை.

அவளை எடுத்துக்கொள்கிற சுகாசா அகெவுராஜியின் கதை இதைவிட மோசம். ஜுன் யோதகா என்ற மாபெரும் வீரரை டிவியில் பார்த்து, பள்ளி வயதில்தான் அவனுக்கு ஆசை வந்தது. கோச்சுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இருபது வயதில்தான் முறையான பயிற்சி கிடைத்தது, அதுவும் ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸில். பழைய ஜோடியான ஹிதோமி தகாமினே தன் கிளப்பில் உதவிக் கோச்சாகச் சேரச் சொல்கிறாள். அங்கே அம்மாவின் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும் இனோரியைப் பார்க்கிறான்.

வயது கடந்து வந்தவள் ஜெயிக்க முடியுமா என்று யாராவது கேட்டால் நிஜத்தில் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜானி வியர் 12 வயதை ஒட்டித்தான் ஸ்கேட்டிங்குக்கு வந்தார்; 2004 முதல் 2006 வரை தொடர்ந்து மூன்று முறை தேசியச் சாம்பியன் ஆனார். அரிது, ஆனால் நடக்காததல்ல. தொடர் இந்த அரிதான வழியைச் சுலபமாக்கிக் காட்டவில்லை என்பதில்தான் அதன் நேர்மை தொடங்குகிறது.

விளையாட்டு அனிமேக்களில் பலவும் தேசிய இறுதிப்போட்டியை நோக்கி ஓடும். ‘மெடலிஸ்ட்’ தன் முதல் போட்டியாக எடுத்துக்கொள்வது மெய்கோ கோப்பையை. உள்ளூர்ப் போட்டி; அதிலும் தொடக்கநிலைப் பிரிவு. உலகமே பார்க்கிற மூன்று சுற்று, நான்கு சுற்றுத் தாவல்கள் எதுவும் அங்கே கிடையாது. ஒற்றைச் சுற்று, முடிந்தால் இரட்டைச் சுற்று. இதை வைத்துக்கொண்டு நம் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறார்கள். எப்படி என்று புரிய மதிப்பெண் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தாவல்கள் ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. இரட்டைச் சால்கோவுக்கு 1.30 புள்ளி, மூன்று சுற்று ஆக்ஸலுக்கு 8.00. செய்த விதத்துக்கு நடுவர்கள் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்துவரை தரம் போடுவார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். காற்றில் அரைச் சுற்று குறைந்துவிட்டால் இரட்டை என்பது ஒற்றையாகக் கணக்கில் விழும்: 1.30 அப்படியே 0.40 ஆகிவிடும். முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால்? சீனியர் விதிப்படி 1.30-இல் பாதி போய், விழுந்ததற்கு ஒரு புள்ளி கழிந்து, கையில் இருப்பது மைனஸ் 0.35. அதாவது முயலாமலே இருந்திருக்கலாம். சிறுவர் பிரிவுகளில் விழுவதற்கான தண்டனை குறைவு என்றாலும் கணக்கின் குணம் இதேதான். பெரிய தாவல்கள் உள்ளவருக்கு ஒரு சறுக்கலைத் தாங்க இடம் இருக்கிறது. இனோரியைப் போன்ற தொடக்கக்காரிக்கு அந்த இடமே இல்லை.

தொடர் இந்தக் கணக்கை நமக்குப் பாடமாக நடத்தாமல், கோச்சின் முடிவாகக் காட்டுகிறது. பயிற்சியில் பாதி நேரம்தான் வருகிற தாவலைப் போட்டியில் வைப்பதா? வைத்தால் எந்த இடத்தில்? தொடக்கத்தில் தவறினால் மிச்ச நிகழ்ச்சி முழுவதும் பயத்தோடு போகும். கடைசியில் வைத்தால் கால் தளர்ந்திருக்கும். கிரிக்கெட்டில் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்று நாம் மணிக்கணக்காகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு உள்ள அத்தனை கனமும் இங்கே ஒரு சிறுமியின் இரண்டு நிமிட நிகழ்ச்சிக்கு உண்டு. அந்தப் பிரிவில் எதிரே நிற்கும் வாயாடிக் குட்டி ரியோகா மிகெதாவுக்கும் அவளுடைய கோச்சுக்கும்கூடத் தங்கள் கணக்கும் தங்கள் ரோஷமும் இருக்கிறது. ஜெயிப்பதற்காக வைத்த பொம்மையாக அவளை எழுதவில்லை.

சுகாசாவைக் கோச்சாக அலசினால் ஒரு நுணுக்கம் பிடிபடும். ஐஸ் டான்ஸில் பல சுற்றுத் தாவல்களுக்கு இடமே இல்லை. கத்தியின் உள் விளிம்பு, வெளி விளிம்பு, அதன்மேல் உடல் சாயும் கோணம், ஒரு தள்ளலில் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகிறார்கள் என்பதெல்லாம்தான் அங்கே விளையாட்டு. எனவே அவனால் இனோரிக்கு முதலில் கொடுக்க முடிந்தது வழுக்கும் திறன். தாவலில் பின்தங்கிய சிறுமிக்கு இது மிகச் சரியான சொத்து. இன்றைய விதிகளில் நடுவர்கள் தரும் கலைமதிப்பெண் மூன்று பகுதிகள் கொண்டது: நிகழ்ச்சியின் கட்டமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். அடித்தளம் உறுதியானால் தாவல் பின்னால் வந்து சேரும். அடித்தளம் இல்லாமல் தாவலை மட்டும் பிடித்தவர்களுக்கு உடல் வளர்கிற வயதில் அது கைவிட்டுப் போகும். சுகாசா தன் குறையாக நினைப்பதுதான் இனோரியின் பலமாக மாறுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, பயிற்சிக் காட்சிகளில் இது தெரிந்துவிடுகிறது.

இன்னொரு திறமை அவனிடம் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வளர்ந்தவன் என்பதால், பிறர் ஆடுவதைக் கண்ணால் பார்த்தே தன் உடம்பில் ஏற்றிக்கொள்வான். அந்தக் கண்ணோடு இனோரியைப் பார்க்கிறான். அவள் தவறினால் எந்த நொடியில் தோள் திறந்தது என்று அவனுக்குத் தெரியும். சத்தமாகப் பாராட்டுவான், அவளுக்கு முன்னால் அழுதுவிடுவான். சில இடங்களில் மிகை என்றுகூடத் தோன்றும். ஆனால் தன்னால் எதுவும் முடியாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அளந்து பாராட்டுவதில் என்ன பயன்? அவனுடைய மிகையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

எதிர்ப்பக்கம் நிற்பவள் ஹிகாரு காமிசாகி. இனோரியின் வயதுதான்; அந்த வயதுப் பிரிவில் தேசியச் சாம்பியன். அவளுக்குப் பின்னால் ரகசியமாகப் பயிற்சி கொடுப்பவர், சுகாசா கும்பிட்ட அதே யோதகா. எல்லாத் தங்கங்களையும் வென்றுவிட்டு இருபது வயதில் விலகிய மனிதர். மேலே போக வேண்டுமானால் எதையாவது பலி கொடுத்தே ஆக வேண்டும் என்பது யோதகாவின் பாதை. சுகாசா அதை ஏற்க மறுக்கிறான். இந்தத் தொடரின் உண்மையான போட்டி இந்த இரண்டு பயிற்சி முறைகளுக்கும் இடையில்தான். ஹிகாருவை வில்லியாக்காமல் இனோரியின் தோழியாகவே வைத்திருப்பதால் யார் பக்கம் நிற்பது என்று நமக்கும் லேசில் முடிவெடுக்க வருவதில்லை.

நகோயாவைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை. ஜப்பானியப் பெண்கள் ஸ்கேட்டிங்கின் தாய்வீடு அந்த ஊர். அங்கே பிறந்த மிதோரி இத்தோ 1988-இல், நகோயா இருக்கும் ஐச்சி மாகாணத்தின் போட்டியில் மூன்று சுற்று ஆக்ஸலை இறக்கினார். போட்டியில் அதைச் செய்த முதல் பெண் அவர். 1989-இல் உலகச் சாம்பியன், 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி. அவரைச் சிறுமியாக இருந்தபோதே தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் கோச் மச்சிகோ யமதா. பின்னாளில் 2010-இல் ஒலிம்பிக் வெள்ளி வென்ற மாவோ அசாதாவும் தொடக்கத்தில் யமதாவிடம் பயின்றவர்தான். ஒரு குழந்தையின் வாழ்க்கைக்குள் கோச் எவ்வளவு தூரம் வருவார் என்பதை அந்த ஊர் ரிங்க்குகள் தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. தொடர் கற்பனை செய்ததைவிட நிஜம் முன்னே நிற்கிறது.

ஆட்டத்தைத் திரையில் கொண்டுவந்த விதத்துக்கு வருவோம். 2016-இல் வந்த ‘யூரி ஆன் ஐஸ்’ ஸ்கேட்டிங்கைக் கையால் வரைந்தது. அழகு அதிகம், ஆனால் வாராவாரம் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வரைவது பெரும் பாரம், பிற்பகுதியில் அந்தக் களைப்பு தெரிந்தது. ‘மெடலிஸ்ட்’டைத் தயாரித்த எங்கி நிறுவனம் வேறு வழியில் போனது. நடனம் அமைத்தவர் அகிகோ சுசுகி: 2010, 2014 ஒலிம்பிக்குகளில் எட்டாம் இடம், 2012 உலகப் போட்டியில் வெண்கலம், அதே ஐச்சி மாகாணத்துக்காரர். அவரது ஆட்டத்தின் அசைவுகளைப் பதிவுசெய்து முப்பரிமாணக் கணினி வரைகலையில் ஏற்றினார்கள். பலன் என்னவென்றால் எடை தெரிகிறது. முழங்கால் மடிந்து நிமிர்வது, திரும்பும்போது கத்தி ஐஸைக் கடிப்பது, இறங்கியபின் பின்னோக்கி வழுக்கும் வேகம் எல்லாம் நிஜ ஆட்டத்தில் பார்ப்பவை. குறையும் உண்டு. கணினி உருவங்களின் முகம் சில இடங்களில் விறைத்துப்போகிறது. கேமரா தேவைக்கு மேல் சுழல்கிறது. நிஜப் போட்டியில் கிடைக்கும் நிலையான நீண்ட காட்சி இன்னும் இரண்டு இடங்களில் இருந்திருக்கலாம். முகபாவ நகைச்சுவையைச் சோகக் காட்சியின் வாலில் ஒட்டும் பழக்கமும் எனக்கு உறுத்தியது.

இசை யுகி ஹயாஷி. ‘ஹைக்யூ’வுக்கு இசையமைத்தவர் என்று ரசிகர்களுக்குத் தெரியும். அவர் பள்ளி நாட்களில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். தன் நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுத் தேடப்போய்த்தான் இசைக்குள் வந்தார். மூச்சு எங்கே வாங்கும், கால் எங்கே ஊன்றும் என்று உடம்பால் தெரிந்தவரின் இசை இது. தொடக்கப் பாடலைத் தந்தவர் கென்ஷி யோனெசு. அந்தப் பாடலின் வீடியோவில் 2014, 2018 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற யுசுரு ஹன்யூ, நான்கு சுற்றுத் தாவலோடு ஒரு முழு நிகழ்ச்சியை ஆடிக் காட்டினார். வேறெந்த விளையாட்டு அனிமேவுக்கும் அந்த விளையாட்டின் உச்சத்தில் இருந்தவரே இப்படி வந்து ஆடியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ரசிகையோ ரசிகரோ உருவாக்கியது போல இந்தத் தொடர் மணக்கிறது என்றால் காரணம் இருக்கிறது. மூலமான மங்கா படக்கதையின் ஆசிரியர் சுருமாயிகாதா, நட்சுமி ஹருசே என்ற குரல் நடிகையின் ரசிகர். ஹருசே ஒருநாள் நடிக்கும்படியான கதை எழுத வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது இந்த மங்கா. 2020 முதல் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் வந்துகொண்டிருக்கிறது, ஷோகாகுகன் விருதும் கோதான்ஷா விருதும் பெற்றது. அனிமேவில் இனோரிக்குக் குரல் கொடுத்திருப்பவர் ஹருசேதான். இனோரி திக்கித் திக்கிப் பேசித் தொடங்கி, போகப்போகக் குரல் நிமிர்வதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தொடரிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. இது குழந்தைகளின் உடம்பை வைத்து நடக்கும் விளையாட்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவா ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவே உலகமே பார்க்க உடைந்துபோனார். அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவெடுத்தது. அகிகோ சுசுகியே இளம் வயதில் உணவுக்கோளாறால் அவதிப்பட்டதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். எடை, வளர்ச்சி, பட்டினி என்ற இந்தப் பக்கத்தை முதல் பருவம் தொடவில்லை என்றே சொல்ல வேண்டும். அக்காவின் காயமும் அம்மாவின் பயமும் கதவைத் திறந்துவைக்கின்றன. உள்ளே இன்னும் போகவில்லை. அம்மாவை ஊக்கம் கெடுப்பவளாகக் காட்டாமல், ஒரு மகள் அடிபட்டதைக் கண்டவளாகக் காட்டியிருப்பதால் அந்த எதிர்பார்ப்பை வைக்கிறேன்.

தொடர் முடிந்த அதே நாட்களில் பாஸ்டனில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 16 வயதில் ஸ்கேட்டிங் போதும் என்று விலகி, பிறகு தன் விருப்பத்தோடு திரும்பிவந்த அமெரிக்காவின் அலிசா லியு தங்கம் வென்றார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சாம்பியனாக இருந்த ஜப்பானின் கவோரி சகமோத்தோவுக்கு வெள்ளி. யோதகாவின் பாதை ஒன்றுதான் வழி என்று நம்புகிறவர்கள் லியுவின் அந்த இறுதி நிகழ்ச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: 2025-இன் சிறந்த விளையாட்டு அனிமே ‘மெடலிஸ்ட்’, கோச் என்ற பாத்திரத்தை இவ்வளவு கவனமாக எழுதிய விளையாட்டுத் தொடரை நான் அண்மையில் பார்த்ததில்லை. இரண்டாம் பருவம் 2026 ஜனவரியில் தொடங்கியது. அதற்குப் போகுமுன் முதல் 13 அத்தியாயங்களைப் பாருங்கள். வீட்டில் ஏதாவது ஒரு விளையாட்டில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள், பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.