தறி அட்டையும் ‘ரீட்’ என்ற சொல்லும்

காஞ்சிபுரம் சென்றிருக்கும் வாசகர்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். நெசவாளர் வீட்டுக்குள் சென்று அண்ணாந்து பார்த்தால், தறிக்கு மேலே ஒரு பெட்டியும் அதிலிருந்து மாலைபோல் தொங்கும் ஓட்டையிட்ட அட்டைகளும் தென்படும். இதுவே ஜக்கார்டு பெட்டி. அறிவியல் கண்காட்சிகளிலும் சொற்பொழிவுகளிலும் இந்த அட்டையைக் காட்டி, “கம்ப்யூட்டர் புரோகிராமின் பாட்டன் இதுதான்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் கருவி முன் உட்காரும் மாணவனைத் தடுமாற வைக்கிறது என்பதே என் குறை.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 240 கொக்கிகள் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளி மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை ஊசிகளின் வரிசைக்கு எதிரே வந்து அமுக்குகிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது; அதனோடு சேர்ந்த கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பாவு இழையை உயர்த்துகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படுகிறது, இழை எழும்புவதில்லை. “இங்கே ஓட்டை உண்டா?” என்று ஒரே நேரத்தில் 240 கேள்விகள், 240 விடைகள். அட்டை எதையும் முடிவு செய்வதில்லை. கட்டத் தாளில் வரைந்த அன்னமோ மாங்காயோ அதில் பதிவாகி இருக்கிறது. ஊசிகள் அந்தப் பதிவைக் கேட்டறிகின்றன. ஜக்கார்டு வருமுன் இங்கே வழங்கிய அடை முறையும் இப்படித்தான். பூவின் வடிவம் நூல்களில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். உதவியாள் கயிற்றை இழுத்து அதை வெளிக்கொணர்வார்.

ஆகவே அட்டையைப் ‘புரோகிராம்’ என்பதைவிடப் ‘பதிவு’ என்பதே பொருந்தும். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த பொறியின் அட்டைகளை, சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கு எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கவில்லை. என்ன செய்வது என்று சொல்லும் அட்டைகள் தனி. எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் அட்டைகள் தனி. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்திய அட்டைகளிலோ கட்டளையே கிடையாது. ஆளுக்கோர் அட்டை, அதில் அவரைப் பற்றிய விவரம், அவ்வளவுதான். ஓட்டை வழியே ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டால் மின்சுற்று நிறைவுற்று எண்ணி ஒன்று கூடும். தறி ஊசிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் ஹாலரித் தமக்குத் தூண்டுதலாகச் சொன்னது தறியை அல்ல. பயணச் சீட்டில் ஓட்டை போடும் ரயில் கண்டக்டரை! வம்சாவளி எழுதுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கட்டளைக்கும் பதிவுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பல உணர்விகளின் அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நினைவகத்தில் சேர்க்கும் டேட்டா லாகர் கருவியைப் பாருங்கள். ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட 34970ஏ இவற்றுள் பெயர்பெற்றது. ஒவ்வோர் உணர்வியின் கம்பியும் வந்து சேரும் வழிக்குச் சானல் என்று பெயர். சானல் 101 என்றால் முதல் பலகையின் முதல் வழி. நேரக் குறிப்புடன் 50,000 அளவுகளை அது சேர்த்து வைக்கும்.

ஒரு தறி வீட்டில், குழிக்குள், கூரையடியில், சன்னலோரத்தில் எனப் பத்து இடங்களில் வெப்பமின் இரட்டைகளைப் பொருத்தி, நிமிடத்திற்கு ஒரு முறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். நினைவகம் நிரம்ப 5,000 நிமிடம், அதாவது மூன்றரை நாள் ஆகும். அதற்குப் பின்னும் விட்டுவைத்தால் மிகப் பழைய அளவுகள் முதலில் அழிந்து புதியவை அமரும். மூன்றாம் நாள் மாணவன் கம்ப்யூட்டர் வழியே கருவியிடம் கேட்க வருகிறான். 1990-இல் வெளியான எஸ்.சி.பி.ஐ. என்னும் பொதுக் கட்டளை மொழியில், கேள்விக்குறியுடன் முடியும் சொல்லுக்குக் கருவி விடை தரும். தமிழ்வழியில் படித்தவன் என்ன நினைப்பான்? ‘ரீட்’ என்றால் ‘படி’. எழுதி வைத்திருப்பதைத்தானே படிக்க முடியும்? ரீட், கேள்விக்குறி என்று அனுப்புகிறான்.

விடை வருகிறது. பத்தே பத்து எண்கள்! மூன்று நாள் பதிவு மறைந்துவிட்டது.

ஏனெனில் ‘ரீட்’ என்பது இங்கே “புதிதாக அளந்து சொல்” என்னும் கட்டளை. புதிய சுற்று தொடங்கியதும் பழைய சுற்றின் அளவுகள் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். அவன் அனுப்பியிருக்க வேண்டியது ‘ஃபெட்ச்’. அதுதான் இருப்பதை எடுத்துத் தரும், அழிக்காது. ‘மெஷர்’ இன்னும் கடுமையானது. சானல் பட்டியலையே மாற்றி எழுதிவிட்டு அளக்கும். ‘ஆர்’ என்ற ஓரெழுத்துக் கேள்வி, விடையைக் கொடுத்த கையோடு கொடுத்ததை அழித்துவிடும். நான்கிற்கும் ஒரே கேள்விக்குறி. கையேட்டில் இவையெல்லாம் விளக்கப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியின் உருவில் கட்டளையை ஒளித்துவைத்த மொழியமைப்பைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. தறி அட்டையை ஊசி ஆயிரம் முறை கேட்டாலும் ஓட்டை தூர்ந்துபோவதில்லையே.

நம் ஆசிரியர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. அட்டையைக் காட்டி “இதுவே புரோகிராம்” என்று முடிக்கும்போது, கேட்பது வேறு, செய்யச் சொல்வது வேறு என்று கற்பிக்கக் கிடைத்த அருமையான வாய்ப்பு வீணாகிறது. அட்டை கையிலேயே இருக்கிறது. ஒரு பென்சில் முனையை ஓட்டைக்குள் விட்டுக் காட்டினால் போதும்.

இத்தகைய கருவி உங்கள் கைக்கு வந்தால், முதலில் எத்தனை அளவுகள் சேர்ந்துள்ளன என்று கேளுங்கள்; அதற்கான கேள்வி ‘டேட்டா பாயிண்ட்ஸ்’. பிறகு ‘ஃபெட்ச்’. வந்த எண்களைக் கம்ப்யூட்டரில் சேமித்து, எண்ணிக்கை சரிதானா என்று பார்த்த பின்பே புதிய சுற்றைத் தொடங்குங்கள். அவற்றுள் எங்காவது 9.9-க்குப் பின் 10-இன் 37-ஆம் அடுக்கு நின்றால், தறி வீடு தீப்பற்றியதாக எண்ண வேண்டாம். அளவு எல்லை மீறியது என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் அந்தச் சானலின் கம்பி அறுந்திருக்கும். அதையும் சேர்த்துச் சராசரி கண்டுவிடாதீர்கள்.