மந்திரவாதியும் இறைவாக்கினரும்

சார்லஸ் மான் 2018இல் வெளியிட்ட இத்தலைப்பிலான ஆங்கில நூல், சுற்றுச்சூழல் நெருக்கடியை இரு அறிவியலாளரின் வாழ்வு வழியே ஆராய்கின்றது. மிகுவிளைச்சல் கோதுமையை உருவாக்கி 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக், தொழில்நுட்பத்தை நம்பினார். இயற்கையின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு; மக்கட்பெருக்கும் நுகர்வும் அதனை மீறலாகாது என 1948இலேயே எச்சரித்தார் வில்லியம் வோக்ட்.

உணவு, நீர், எரிசக்தி, பருவநிலை ஆகிய நான்கிலும் இருசாரார் வாதங்களையும் நடுநிலையோடு முன்வைப்பது நூலின் சிறப்பு. ஆனால், தீர்ப்பு வழங்காமல் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது குறையே. தீர்ப்புக்கான திறவுகோல் போர்லாக்கிடமே உள்ளது. பசுமைப் புரட்சி தற்காலிக வெற்றியே, மூச்சுவிடக் கிடைத்த அவகாசமே என்று நோபல் உரையில் அவரே உணர்த்தினார். அவகாசத்தைத் தருவது தொழில்நுட்பம். அன்பர்களே, அதனை எவ்வாறு செலவிடுவது என்பதோ நம் மனச்சான்றின் பொறுப்பு.